ஓட்டையை அடைத்த பிறகும் துடிப்பு ஏன் தடுமாறுகிறது?

பிறவியிலேயே இதயத் தடுப்புச் சுவரில் ஓட்டை இருந்து, அதை ஆபரேஷனிலோ டிவைஸ் வைத்தோ அடைத்துக்கொண்டவர்களிடமிருந்து இந்த மாதம் நிறையக் கடிதங்கள். எல்லோர் கவலையும் ஒன்றுதான்: “ஓட்டை மூடிவிட்டது என்றார்களே, பிறகு ஏன் இந்தப் படபடப்பு?”

நான் இதயத் துடிப்புக் கோளாறுகளை மட்டுமே பார்க்கும் மருத்துவர். பிறவி இதயக் குறையோடு பிறந்து, சிகிச்சை முடிந்து, வளர்ந்து பெரியவர்களானவர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களில் பலரிடம் எப்போதோ யாரோ, “எல்லாம் சரியாகிவிட்டது, இனி டாக்டரையே பார்க்க வேண்டாம்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. ஓட்டையை அடைத்ததும் ரத்தம் போகும் பாதை சரியாகிறது. மின்துடிப்பு போகும் பாதை தனிக் கணக்கு. அது சிலருக்கு ஆபரேஷன் மேசையிலேயே பாதிக்கப்படும். சிலருக்கு முப்பது, நாற்பது வருடம் கழித்து வந்து நிற்கும்.

“எனக்கு வயது 46. ஒன்பது வயதில் ஏ.எஸ்.டி. ஓட்டைக்கு ஓப்பன் ஹார்ட் ஆபரேஷன் செய்தார்கள். அதன்பின் இரண்டு பிரசவம், ஒரு தொந்தரவும் இல்லை. சில மாதங்களாகத் திடீர் திடீரென்று நெஞ்சு வேகமாக அடிக்கிறது. பல மணி நேரம் இருந்துவிட்டுத் தானாக நிற்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டு இடங்களில் காட்டினேன். மாதவிடாய் நிற்கும் வயது, மனப்பதற்றம் என்று மாத்திரை கொடுத்தார்கள். அந்த நேரத்தில் பல்ஸ் 118தான் இருக்கிறது. அது ஒன்றும் பெரிய வேகம் இல்லையாம். மனசுதான் காரணமா டாக்டர்?”

மனசு காரணம் என்று நான் நினைக்கவில்லை, சகோதரி. நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, தழும்பைச் சுற்றி வரும் ஏட்ரியல் ஃப்ளட்டர். அதாவது மின் அலை ஒரே வட்டத்தில் சுற்றுவதால் மேல் அறை மிக வேகமாகத் துடிக்கும் கோளாறு. உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்த 118 என்ற எண்தான் எனக்குப் பெரிய துப்பு.

ஏ.எஸ்.டி. என்பது இதயத்தின் இரண்டு மேல் அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் இருக்கும் ஓட்டை. அதை அடைக்க சர்ஜன் வலது மேல் அறையின் பக்கவாட்டுச் சுவரைக் கீறித் திறந்துதான் உள்ளே போக வேண்டும். ஓட்டையைத் தைத்தோ ஒட்டுப் போட்டோ மூடிவிட்டு, கீறிய சுவரையும் தைத்துவிடுவார். அந்தத் தையல் ஆறித் தழும்பாகிறது. தழும்பில் மின்சாரம் ஓடாது. அதனால் மின் அலை அதைச் சுற்றித்தான் போயாக வேண்டும். சின்ன வயதில் சுற்றிலும் உள்ள தசை ஆரோக்கியமாக இருப்பதால் அலை வேகமாகக் கடந்துபோய் அடங்கிவிடும். வருடங்கள் ஓடும்போது தழும்புக்குப் பக்கத்துத் தசையும் நார்போல இறுகி, அலையை மெதுவாகக் கடத்த ஆரம்பிக்கிறது. ஒரு சுற்று முடிவதற்குள் புறப்பட்ட இடம் மறுபடி தயாராகிவிடுவதால், அலை நிற்காமல் அதே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். இதனால்தான் ஒன்பது வயதுக் கீறலின் விளைவு நாற்பதைத் தாண்டி வருகிறது. ஓட்டை மூடாமல் இருந்த அந்த ஒன்பது வருடமும் கூடுதல் ரத்தத்தைத் தாங்கி மேல் அறை விரிந்திருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி 118. வழக்கமான ஃப்ளட்டரில் மேல் அறை நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 தடவை துடிக்கும். மேல், கீழ் அறைகளுக்கு நடுவில் மின்துடிப்பைக் கடத்தும் ஏ.வி. கணு இரண்டுக்கு ஒன்றுதான் கீழே விடும். அதனால் பல்ஸ் 150. எந்த டாக்டரும் 150ஐப் பார்த்தால் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் ஆபரேஷன் தழும்பைச் சுற்றும் அலை பல சமயம் இதைவிட மெதுவானது. மேல் அறை 236 துடித்தால், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பல்ஸ் 118. பார்ப்பவருக்கு இது பதற்றத்தில் வரும் வேகம் போலவே தெரியும். வித்தியாசம் ஒன்று உண்டு. பதற்றத்திலோ காய்ச்சலிலோ வரும் வேகம் ஏறும், இறங்கும், படுத்தால் குறையும். ஃப்ளட்டரின் வேகம் பிடித்த பிடியில் நிற்கும். உட்கார்ந்தால் 118, படுத்தால் 118, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் 118. அடுத்த முறை வரும்போது மணிக்கட்டில் விரல் வைத்து 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள்; படுத்தபடி ஒரு தடவை, அரை மணி கழித்து ஒரு தடவை. எழுதி வையுங்கள். நல்ல டாக்டருக்கு அந்த ஒரு தாள் நிறையச் சொல்லும்.

ஆனால் எண்ணிக்கொண்டே வீட்டில் இருந்துவிடாதீர்கள். படபடப்பு இருக்கும்போதே எடுக்கும் இ.சி.ஜி.தான் வேண்டும்; நின்றபின் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. துடிப்பு ஓடும்போது எடுத்த இ.சி.ஜி.யிலும் இது ஒளிந்துகொள்ளும். இரண்டு மேல் அறை அலைகளில் ஒன்று, முந்தைய துடிப்பின் டி அலைக்குள் (ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் இ.சி.ஜி.யில் வரும் மேடு) புதைந்திருக்கும். நான் இன்றும் பழைய முறைப்படி ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தை இ.சி.ஜி. மேல் வைத்து, தெரிகிற இரண்டு அலைகளுக்குப் பென்சிலால் புள்ளி வைப்பேன். பிறகு இரண்டுக்கும் சரிபாதியில் இன்னொரு புள்ளி. அந்தப் புள்ளி நேராக டி அலையின் தோளில் போய் உட்கார்ந்து, அங்கே ஒரு சின்னப் புடைப்பும் இருந்தால், பெரும்பாலும் விஷயம் முடிந்தது. சந்தேகமிருந்தால் ஆஸ்பத்திரியில் அடினோசின் ஊசி போட்டுச் சில வினாடி கீழ்த் துடிப்பை நிறுத்திவைப்போம். அப்போது மேல் அறையின் அலைகள் மட்டும் வரிசையாக வெளியே தெரியும்.

எமர்ஜென்சிக்குப் போனால் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: “சின்ன வயதில் ஏ.எஸ்.டி. ஆபரேஷன் ஆனவள் நான். தழும்பு ஃப்ளட்டராக இருக்குமா என்று பாருங்கள்.” நெஞ்சின் நடுத் தழும்பைக் காட்டக் கூச்சப்பட வேண்டாம்.

இதை அலட்சியமாக விடக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள். மேல் அறை சரியாகச் சுருங்காமல் துடித்துக்கொண்டே இருந்தால் அங்கே ரத்தம் உறைந்து, மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். இரண்டாவது, மேல் அறையின் வேகம் மெதுவாக இருப்பதாலேயே, ஓடும்போதோ பயப்படும்போதோ ஏ.வி. கணு எல்லா அலைகளையும் ஒன்றுவிடாமல் கீழே அனுப்பிவிடலாம். அப்போது பல்ஸ் 118லிருந்து ஒரே தாவலில் 236. மயக்கம் வரும், உயிருக்கும் ஆபத்து. இதனால்தான் பக்கத்து வீட்டுக்காரரின் ‘துடிப்பு மாத்திரை’யை வாங்கிப் போடாதீர்கள் என்கிறேன். மேல் அறையின் வேகத்தை மட்டும் இன்னும் குறைக்கும் சில மாத்திரைகள், தனியாகக் கொடுத்தால், இந்தத் தாவலை எளிதாக்கிவிடும்.

சிகிச்சை நன்றாகவே இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்போம். துடிப்பு நிற்காமல் ஓடினால் லேசான மயக்கம் கொடுத்து ஷாக் வைத்து நிறுத்தலாம். 48 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தால், அதற்கு முன் மூன்று வாரம் உறைதடுப்பு மருந்து கொடுக்க வேண்டும், அல்லது உணவுக்குழாய் வழி எகோவில் உறைவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். நீண்ட காலத் தீர்வு அப்லேஷன். தொடை வழியாகக் குழாய் விட்டு, மேல் அறையின் மின்வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைந்து, அலை சுற்றும் வட்டத்தில் எங்கே குறுகலோ அங்கே சூடு வைத்துப் பாதையை அடைப்போம். பெரும்பாலானவர்களுக்கு நின்றுவிடுகிறது. சிலருக்கு வேறொரு வட்டத்தில் திரும்ப வரும். அப்போது இன்னொரு தடவை செய்ய வேண்டியிருக்கும். பிறவி இதயக் குறை ஆபரேஷன் ஆனவர்களுக்குச் செய்து பழகிய இடமாகப் பார்த்துப் போங்கள்.

“எனக்கு 27. மூன்று வாரத்துக்கு முன் தொடை வழியாக ஏ.எஸ்.டி.க்கு டிவைஸ் வைத்தார்கள். ராத்திரி படுத்தால் ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்தது ‘டொக்’கென்று பலமாக விழுகிறது. ஸ்மார்ட் வாட்ச் சில சமயம் முடிவு தெரியவில்லை என்கிறது. டிவைஸ் கழன்றுவிட்டதா?”

டிவைஸ் இடம் மாறுவதென்றால் பெரும்பாலும் முதல் ஒரு நாளிலேயே மாறும். அதற்காகத்தான் வீட்டுக்கு அனுப்பும் முன் எகோ பார்க்கிறார்கள். நீங்கள் சொல்வது எக்டோபிக் எனப்படும் முந்திவரும் துடிப்பு. ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிடுகிறது. அது பலவீனமாக இருப்பதால் உங்களுக்குத் தெரிவதில்லை. அடுத்து ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் கூடுதலாக ரத்தம் நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. படுத்திருக்கும்போது, அதுவும் இடப்பக்கம் சாய்ந்தால், இன்னும் நன்றாகத் தெரியும்.

டிவைஸ் என்பது நிக்கலும் டைட்டானியமும் கலந்த மெல்லிய கம்பி வலை. இரண்டு தட்டுகள் சுவரை இருபக்கமும் பிடித்திருக்கும். புதிதாக வந்த அதன் விளிம்பு தசையில் உரசும்போது இப்படி முந்திய துடிப்புகள் கிளம்பும். உடம்பு மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதன்மேல் தன் சொந்தச் சவ்வைப் படரவிட்டு மூடிவிடும். பெரும்பாலானவர்களுக்குத் துடிப்பு அதற்கு வெகு முன்பே அடங்கிவிடுகிறது. அதுவரை ஆஸ்பிரினையும் கூடக் கொடுத்த மாத்திரையையும் ஒரு நாள்கூட விடாதீர்கள். சவ்வு மூடும்வரை அந்த வலையில் ரத்தம் உறையாமல் காப்பது அவைதான். சளிக்கு மூக்கடைப்பு மாத்திரை வாங்கும்போது சூடோஎபிட்ரின் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் வேண்டாம். எனர்ஜி டிரிங்க் கூடாது.

வாட்ச் எடுப்பது ஒரே கோணத்து இ.சி.ஜி. முந்திய துடிப்புகள் அதைக் குழப்பும். அதன் தீர்ப்பை விட்டுவிடுங்கள். அது பதிந்த வரைபடத்தைச் சேமித்து அடுத்த செக்கப்புக்குக் கொண்டுபோங்கள். எனக்கு அது மிகவும் உதவுகிறது.

வேகமான, ஒழுங்கில்லாத துடிப்பு பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அன்றே இ.சி.ஜி. எடுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே எகோ. டிவைஸின் விளிம்பு மேல் அறைச் சுவரை அரித்து ரத்தம் கசிவது மிக மிக அரிது. ஆனாலும் அதற்கு நேரம் முக்கியம் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

“என் மகனுக்கு 2 வயது. வி.எஸ்.டி. ஆபரேஷன் முடிந்து ஆறு நாள். முழு ஹார்ட் பிளாக் என்கிறார்கள். நெஞ்சிலிருந்து வரும் மெல்லிய கம்பிகளை ஒரு சின்னப் பெட்டியில் மாட்டியிருக்கிறார்கள். இன்னும் சில நாள் பார்த்துவிட்டு நிரந்தரப் பேஸ்மேக்கர் வைப்போம் என்கிறார்கள். ஏன் காத்திருக்க வேண்டும்? டாக்டர் கைத்தவறா?”

அம்மா, உங்களுக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றப் பெற்றோருக்காக இங்கே விரிவாக.

வி.எஸ்.டி. என்பது இதயத்தின் இரண்டு கீழ் அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் இருக்கும் ஓட்டை. மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு மின்துடிப்பு போக ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. ஏ.வி. கணுவிலிருந்து கிளம்பும் ஹிஸ் கற்றை என்ற மெல்லிய இழை அது. அந்த வழியில் துடிப்பு கீழே போகாமல் நின்றுவிடுவதுதான் முழு ஹார்ட் பிளாக். மிகச் சாதாரணமாக வரும் வி.எஸ்.டி. வகையில் அந்த இழை ஓட்டையின் கீழ் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, சுற்றியுள்ள தசையின் நிறம்தான் அதற்கும். அது எங்கே இருக்கும் என்று படித்து அறிந்ததை வைத்து, சர்ஜன் அந்த ஓரத்தில் தையலை விளிம்பிலிருந்து தள்ளி, வலப்பக்கமாக மேலோட்டமாகப் போடுவார். இவ்வளவு கவனித்தும், இந்த ஆபரேஷனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு குழந்தைக்கு நிரந்தரப் பிளாக் வரத்தான் செய்கிறது. கைதேர்ந்த சர்ஜன்களுக்கும் வருகிறது. அதனால் பிளாக் வந்ததை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. என்ன நடந்தது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

காத்திருப்பதற்குக் காரணம், இழை அறுந்ததா, வீங்கி மட்டும் இருக்கிறதா என்று முதல் நாளில் சொல்ல முடியாது. வீக்கம் என்றால் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளுக்குள் வடிந்து துடிப்பு திரும்பிவிடும். அவசரப்பட்டுப் பேஸ்மேக்கர் வைத்தால், தேவையே இல்லாமல் ஆயுள் முழுக்க அதைச் சுமக்க நேரும். குறைந்தது ஏழு நாள் பார்த்தும் திரும்பவில்லை என்றால், இனி வரும் என்று நம்பிக் காத்திருப்பது ஆபத்து. அப்போது வைத்துவிடுவதுதான் நியாயம்.

அந்தச் சின்னப் பெட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. இதே பிரச்சினையால் பிறந்தது அது. 1954ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லிஹை என்ற சர்ஜன், குழந்தையின் ரத்த ஓட்டத்தைப் பெற்றோர் ஒருவரின் ரத்த ஓட்டத்தோடு இணைத்து, இதயத்தைத் திறந்து வி.எஸ்.டி.யை அடைக்க ஆரம்பித்தார். ஓட்டை மூடியது. ஆனால் ஹார்ட் பிளாக் வந்த குழந்தைகளைக் காப்பாற்ற வழியில்லை. 1957 தொடக்கத்தில், இதயத் தசையில் கம்பியை நேரடியாகத் தைத்து வெளியே ஒரு கருவியில் மாட்டும் முறையை அவர் குழு கொண்டுவந்தது. கருவி சுவர் பிளக்கில் ஓடியது. குழந்தையை ஒயர் நீளத்துக்கு மேல் நகர்த்த முடியாது. அதே வருடம் அக்டோபர் 31ல் மினியாபொலிஸ் நகரில் பெரிய மின்தடை. பேட்டரியில் ஓடும் கருவி வேண்டும் என்று, ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்த்துவந்த ஏர்ல் பேக்கன் என்ற இன்ஜினியரிடம் லில்லிஹை கேட்டார். அவர் ஓர் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்திருந்த மெட்ரோனோம் சர்க்யூட்டை மாற்றியமைத்து, கையடக்கமான பெட்டி ஒன்றைச் சில வாரங்களில் செய்து கொடுத்தார். உங்கள் மகன் படுக்கையருகே இருப்பது அதன் வழித்தோன்றல். வார்டில் அதைப் பார்க்கும் ஒவ்வொரு பெற்றோரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

துடிப்பு தானாகத் திரும்பிவிட்டால் சந்தோஷம். ஆனால் ஃபைலை மூடாதீர்கள். சில நாள் நின்று திரும்பிய பிளாக், அரிதாக வருடங்கள் கழித்து மறுபடி வரலாம். வருடம் ஒரு இ.சி.ஜி., டாக்டர் சொல்லும்போது ஹோல்டர், அதாவது 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி. விளையாடும்போது சுருண்டு விழுந்தாலோ, காரணமின்றி அடிக்கடி களைத்து உட்கார்ந்தாலோ உடனே காட்டுங்கள். வி.எஸ்.டி.க்கு ஆபரேஷன் இல்லாமல் டிவைஸ் வைத்த குழந்தைகளுக்கும் இதே அறிவுரைதான், இன்னும் அழுத்தமாக. அங்கே டிவைஸ் அந்த இழையை ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கும் என்பதால், பிளாக் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூடத் தள்ளி வந்ததுண்டு.

“வயது 19. குழந்தையில் வி.எஸ்.டி. ஆபரேஷன். வேலைக்கான மெடிக்கலில் இ.சி.ஜி.யில் ‘வலது பண்டில் பிராஞ்ச் பிளாக்’ என்று வந்திருக்கிறது. பேஸ்மேக்கர் வேண்டுமா?”

வேண்டாம், தம்பி. பெயரில்தான் பிளாக் இருக்கிறது. கீழ் அறைக்குப் போகும் கிளைகளில் வலது கிளை மட்டும் தாமதமாக வேலை செய்கிறது என்று பொருள். வி.எஸ்.டி. ஆபரேஷன் ஆனவர்களில் மிகப் பலருக்கு இது உண்டு. மயக்கம் இல்லை, எகோ நன்றாக இருக்கிறது, பழைய இ.சி.ஜி.யிலும் இதுவேதான் என்றால் கவலையில்லை. இடது கிளையின் ஒரு பகுதியும் சேர்ந்து தாமதமானாலோ, பி.ஆர். இடைவெளி (மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குத் துடிப்பு போய்ச் சேர ஆகும் நேரம்) வருடத்துக்கு வருடம் நீண்டாலோ கவனிக்க வேண்டும். உங்கள் இதய மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி மெடிக்கலில் கொடுங்கள்.

“எனக்கு 58. மூன்று வருடத்துக்கு முன்தான் ஏ.எஸ்.டி. இருப்பதே தெரிந்தது. டிவைஸ் வைத்தார்கள். அதற்கு முன்பே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தது; இன்னும் விட்டுவிட்டு வருகிறது. ஓட்டைதான் மூடியாயிற்றே, உறைதடுப்பு மாத்திரையை நிறுத்தலாமா?”

நிறுத்தக் கூடாது ஐயா. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது மேல் அறைகள் ஒழுங்கில்லாமல் தாறுமாறாகத் துடிப்பது. ஐம்பத்தைந்து வருடம் அந்த ஓட்டை வழியாகக் கூடுதல் ரத்தம் வலது பக்கம் பாய்ந்திருக்கிறது. மேல் அறைகள் விரிந்து, தசைகளுக்கு நடுவே நார் ஏறியிருக்கிறது. மூடியபின் அறைகள் ஓரளவு சுருங்கும், நார் கரையாது. அதனால்தான் நாற்பது வயதைத் தாண்டி மூடுபவர்களுக்கு இந்தத் துடிப்பு பின்னாலும் வருகிறது. மூடியது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். வலது இதயத்தின் சுமை குறைந்ததும் மூச்சு லேசானதும் உண்மையான லாபம்.

பக்கவாத ஆபத்தைத் தீர்மானிப்பது வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முந்தைய பக்கவாதம் போன்றவையும் உங்கள் மேல் அறையின் நிலையும்தான். ஓட்டை மூடியதால் மட்டும் அது போய்விடாது. மாத்திரை வேண்டாமென்றால் அதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் டாக்டர், எகோவையும் ஹோல்டரையும் பார்த்துவிட்டு. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பரிசோதியுங்கள், தைராய்டும் பாருங்கள். மது இருந்தால் விட்டுவிடுங்கள்.

இன்னும் ஓட்டையை மூடாமல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தத் துடிப்புக் கோளாறு ஏற்கெனவே இருந்தால், டிவைஸ் வைக்கும் முன்னரே துடிப்பு நிபுணர் ஒருவரைப் பாருங்கள். இடது மேல் அறையில் அப்லேஷன் செய்ய அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். டிவைஸ் வைத்த பிறகும் முடியும், ஆனால் சிரமம். வரிசை மாறினால் வேலை கூடும்.

“சிறுவயதில் ஹார்ட் பிளாக்குக்காகப் பேஸ்மேக்கர் வைத்த பெண் நான், வயது 23. ஓடலாமா? குழந்தை பெறலாமா? செல்போனால் ஆபத்தா?”

ஓடலாம். வயிற்றிலோ தோளடியிலோ உள்ள பெட்டியில் நேராக அடிபடும் விளையாட்டுகள் மட்டும் வேண்டாம். பேஸ்மேக்கர் இருப்பது கர்ப்பத்துக்குத் தடையில்லை. இதயத்தின் மற்ற நிலைமை எப்படி என்பதுதான் கேள்வி. திட்டமிடும் முன் ஒரு எகோவும் பேட்டரி பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். போனைப் பெட்டியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். மறுபக்கக் காதில் பேசுங்கள். காந்தம் உள்ள போன்களைச் சட்டைப்பையில் வைக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முதலில் பேஸ்மேக்கர் கார்டைக் காட்டுங்கள். குழந்தைப் பருவத்தில் இதயத்தின் மேற்புறம் தைத்த கம்பிகள் என்றால் தனியாக யோசிக்க வேண்டும். பல வருடம் கீழ் அறையை மட்டும் தூண்டிவந்தால் சிலருக்கு இடது அறை பலவீனமாகும். அதனால் எகோ வருடாவருடம் வேண்டும், பெட்டி நன்றாக வேலை செய்தாலும்.

“தம்பிக்கு 31. நாலு வயதில் ஃபாலோ டெட்ராலஜி ஆபரேஷன். போன வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மயங்கி விழுந்து, அரை நிமிடத்தில் எழுந்துவிட்டான். வெயில்தான் காரணம் என்கிறான்.”

இதைப் படித்தவுடன் அழைத்துப் போங்கள்; இன்றே. ஃபாலோ டெட்ராலஜி என்பது நான்கு இதயக் குறைகள் சேர்ந்து பிறவியிலேயே வருவது. இந்த ஆபரேஷனில் வி.எஸ்.டி.யை மூடுவதோடு வலது கீழ் அறையின் வெளிவழியையும் அகலப்படுத்துவார்கள். அங்கே தழும்பு இருக்கும். நுரையீரல் வால்வு கசிந்து அறை விரிந்திருந்தால், அந்தத் தழும்பைச் சுற்றிக் கீழ் அறையிலிருந்தே வேகத் துடிப்பு கிளம்பலாம். உயிரைப் பறிப்பது இந்த வகை. ஓடும்போது வந்த மயக்கத்தை, வேறு காரணம் நிரூபணமாகும்வரை, இதுவென்றே எடுத்துக்கொள்வோம். இ.சி.ஜி.யில் கீழ் அறைகளின் துடிப்பைக் காட்டும் கியூ.ஆர்.எஸ். அலையின் அகலம் 180 மில்லி வினாடியைத் தொட்டால் கவலை இன்னும் கூடும். இதய எம்.ஆர்.ஐ., மின்சோதனை, தேவையானால் ஷாக் கொடுக்கும் ஐ.சி.டி. கருவி, வால்வு மாற்றம் என்று முடிவெடுப்பார்கள். அதுவரை ஓட்டம், நீச்சல், தனியாக வண்டி ஓட்டுவது எதுவும் வேண்டாம்.

“ஆபரேஷன் செய்த இடத்தில் பழைய ஃபைல் இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?”

இதற்கு நிறையப் பேர் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். முழு ஃபைல் கிடைக்காவிட்டாலும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். பெற்றோரின் பழைய பைகளிலும் தேடுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். எந்த வகை ஓட்டை, எந்த வயதில் மூடினார்கள், தையலா ஒட்டா டிவைஸா, டிவைஸ் என்றால் பெயரும் அளவும். மேல் பெருஞ்சிரைக்குப் பக்கத்தில் இருக்கும் சைனஸ் வீனோசஸ் வகை ஓட்டை என்றால், துடிப்பு பிறக்கும் சைனஸ் கணுவே அங்கேதான் இருக்கிறது. அதன் வேகம் குறைந்துபோயிருக்கிறதா என்று தேடுவேன். ஆபரேஷன் முடிந்த வாரத்தில் துடிப்பு நின்றதா, தற்காலிகப் பேஸ்மேக்கரில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று அம்மா அப்பாவிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்; இது பல ஃபைல்களில் இருக்காது, அவர்கள் நினைவில் இருக்கும். ஒன்றுமே கிடைக்கவில்லையா? பரவாயில்லை, வாருங்கள். தழும்பு இருக்கும் இடம், ஒரு எகோ, 12 லீட் இ.சி.ஜி., இவற்றை வைத்தே பாதிக்கு மேல் ஊகித்துவிடலாம். நன்றாக இருக்கும் நாளில் எடுத்த அந்த இ.சி.ஜி.யைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படபடப்போடு வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு அதுதான் முதலில் வேண்டும்.